சீசனில் ஊரைவிட்டுப் போன ஏரி

மஞ்சுக்கானலில் மலர்க் கண்காட்சி தொடங்கிய வாரத்தில், லாட்ஜுகளெல்லாம் நிரம்பி வழிந்து, ரூம் கிடைக்காத குடும்பங்கள் காருக்குள்ளேயே காலை மடக்கிப் படுத்துக்கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், எங்கள் ஊர் ஏரி எழுந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மலையிறங்கிப் போய்விட்டது. போகிறபோது சத்தம் போடவில்லை, ஒரு வேலியைச் சாய்க்கவில்லை, ரோட்டோரம் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த சவாரிக் குதிரைகளைக்கூட எழுப்பவில்லை. கொண்டை ஊசி வளைவில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதைச் சட்டம். கீழேயிருந்து முதல் பஸ் முக்கி முனகி ஏறி வந்தபோது ஏரி ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டது என்று அந்த பஸ் டிரைவரே பின்னால் சொன்னார். டூரிஸ்ட் வண்டிக்காரர்களுக்கு இந்த ஒழுங்கு வராது என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஏரி போனதை முதலில் அறிந்தவள் ஆரோக்கியம். படகுத்துறை வாசலில் மாங்காய்க்கீற்றும் அன்னாசித்துண்டும் மிளகாய்ப்பொடி தூவி விற்கிறவள். வாங்குகிற ஜனம் ரோட்டுப் பக்கமிருந்து வருவதால் அவளுடைய முக்காலி ரோட்டைப் பார்த்திருக்கும், ஏரி அவளுக்கு முதுகுப்பக்கம் கிடக்கும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து, மகளைப் பெற்று வளர்த்துத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகும், அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். ஏரியை அவள் கண்ணால் பார்த்ததைவிட முதுகால் அறிந்ததுதான் அதிகம். ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வையைப் போட்டாலும் காலை நேரத்தில் ஏரியின் ஈரக் குளிர் முதுகில் ஒட்டிக்கொண்டேயிருக்கும். அன்றைக்கு அது இல்லை. காய்ச்சலோ என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், சால்வையை எடுத்துவிட்டுப் பார்த்தாள், அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். ஏரியக் காணோம்."

அவள் புருஷன் சூசைராஜ் படகுத்துறையில் வேலை செய்கிறவன். கொக்கிக் கம்பால் மிதிபடகுகளை இழுத்து ஆட்களை ஏற்றுவதும், கம்பால் தள்ளிவிடுவதும், நேரம் முடிந்ததும் விசிலை ஊதி, "பதினாலாம் நம்பரு, நேரமாச்சு, கரைக்கு வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்துவதும்தான் அவன் வேலை. அவன் டீ குடித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்:

"காணோம்னா எங்கிட்டுப் போயிருக்கும்? மஞ்சு மூடியிருக்கும், பாரு."

எங்கள் ஊரில் எது கண்ணில் படாவிட்டாலும் முதலில் மஞ்சைத்தான் சொல்வோம். மஞ்சு என்றால் மூடுபனி. ஊரே அதை வைத்துத்தான் பிழைக்கிறது. டாக்ஸி ஸ்டாண்டில் தொங்குகிற போர்டில் ஊசிப்பாறை, எதிரொலி முனை, பச்சைப் பள்ளத்தாக்கு, படுத்திருக்கும் சீமாட்டி மலை என்று பாயிண்டுகள் வரிசையாக இருக்கும்; எண்ணிக்கை போதவில்லையே என்று கடைசியில் ஒரு சாக்லேட் கடையையும் ஒரு பாயிண்டாகச் சேர்த்திருப்போம். இதில் சாக்லேட் கடை தவிர மற்றதெல்லாம் முக்கால்வாசி நாள் மஞ்சுக்குள்தான் கிடக்கும். வண்டியிலிருந்து இறங்குகிற குடும்பம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லாததைப் பார்க்கும். எங்கள் டிரைவர் விரலை நீட்டி, "இதுக்குப் பின்னாடிதான் சார் சீமாட்டி. அந்தா மூக்கு, இந்தா வயிறு, கால் கேரளாப் பக்கம் நீட்டியிருக்கு" என்பார். குடும்பம் தலையாட்டும், போட்டோ எடுக்கும், வெறும் மஞ்சை ஊருக்கு அனுப்பும், ஊரிலிருக்கிற சொந்தமெல்லாம் "சூப்பர்" என்று பதில் போடும். யாரும் ஏமாந்ததாக நினைத்ததில்லை, நாங்களும் ஏமாற்றியதாக நினைத்ததில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சு இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஏரி கிடந்த பள்ளம் முழுதும் கருஞ்சேறு பளபளத்தது. அன்னப்பறவை மூஞ்சி வைத்த மிதிபடகுகள் அங்கங்கே பக்கவாட்டில் சாய்ந்து, எல்லாம் ஒரே திசையில், மலையிறங்குகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஊர் கூடியது. படகுகளைக் குத்தகைக்கு எடுத்தவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கோவில்காரர்கள் போன வருஷம் தெப்பம் விடாததைச் சொன்னார்கள். பங்குச் சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு, பிரசங்கத்தில் இதைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்தார். நகராட்சியிலிருந்து வந்தவர், ஏரி போனதற்கு முன்னனுமதி வாங்கவில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். ஏன் போனது என்று கேட்டவர்கள் குறைவு. இத்தனை காலமாக எல்லாரும் வந்து பார்த்துக்கொண்டேயிருந்தால் ஒருநாள் தானும் நாலு இடம் பார்த்துவிட்டு வரலாம் என்று யாருக்குத்தான் தோன்றாது? அதில் எங்களுக்கு ஆச்சரியமில்லை. போனதுதான் போனது, ஜூலை மாதம் மழைக்காலத்தில் போயிருக்கலாமே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

டாக்ஸி ஸ்டாண்டுத் தலைவர் யாகூப் பாய்தான் வழி சொன்னார். தாடியைத் தடவிக்கொண்டு பள்ளத்தை ஒருமுறை, ரோட்டில் வரிசையாக ஏறி வருகிற வண்டிகளை ஒருமுறை பார்த்தார்.

"இம்புட்டு வருசமா மஞ்சக் காட்டி, இதுக்குப் பின்னாடி பள்ளத்தாக்கு இருக்குன்னு சொல்றோமா இல்லையா? இனிமே பள்ளத்தக் காட்டி, இதுக்குள்ள ஏரி இருந்துச்சுன்னு சொல்லுவோம். இதுல என்னய்யா கஷ்டம்?"

ஒரு கஷ்டமும் இல்லைதான். முதல் பஸ்காரர்கள் இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் டாக்ஸி ஸ்டாண்டு போர்டில் "ஏரித்தரை பாயிண்ட்" ஏறிவிட்டது. சேற்றின் மேல் பலகை போட்டு நடைபாதை அமைத்தார்கள். வெயிலில் சேறு காய்ந்ததும் அதன் மேல் குதிரை விட்டார்கள். ஏரியின் சேற்றை முகத்தில் பூசினால் கருமை போகும் என்று யாரோ சொல்லிவைக்க, அதை டப்பாவில் அடைத்து விற்றார்கள். சாக்லேட் கடைக்காரர் ஏரி வடிவத்தில் சாக்லேட் செய்து, நடுவில் ஒன்றும் வைக்காமல் கொடுத்தார். பள்ளத்துக்குள்ளிருந்து மூக்குக்கண்ணாடிகளும், ஒற்றைச் செருப்புகளும், தேன்நிலவுக்கு வந்தவர்கள் நழுவவிட்ட மோதிரங்களும், ஒரு முழுப் பல்செட்டும், எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு ஸ்கூட்டரும் கிடைத்தன. எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அதையும் ஒரு பாயிண்டாக்கினோம். ஏரி இருந்தபோது வந்ததைவிடக் கூட்டம் அதிகமாக வந்தது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் பள்ளத்தின் ஓரத்தில் நின்று கண் கலங்கினார். அவர் பேட்டையிலும் ஏரி போய்விட்டதாம், ஆனால் போன மறுவாரமே அந்த இடத்தில் அப்பார்ட்மெண்ட் வந்துவிட்டதாம். காலியாக, சுத்தமாக வைத்திருக்கிறீர்களே என்று எங்கள் கைகளைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் ஏரி வந்துவிடுமா என்று கேட்டவர்களிடம், "வரும் சார், மஞ்சு விலகட்டும்" என்றோம். பழக்கதோஷம்.

ஏரியைப் பற்றிய சேதிகளும் பஸ்ஸோடு பஸ்ஸாக வந்துகொண்டிருந்தன. அடிவாரத்தில் வாழைத்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதாம். பழனிமலையைச் சுற்றிவிட்டு வந்ததாம். வைகை அணையை எட்டிப் பார்த்துவிட்டு, பேச்சு ஒத்துவராமலோ என்னவோ, உடனே நகர்ந்துவிட்டதாம். கத்திரி வெயில் உச்சிக்கு வந்தபோது, கருவேலம்பட்டி என்ற ஊரின் காய்ந்து வெடித்த கம்மாயில் இறங்கி உட்கார்ந்துவிட்டதாம். கம்மாய் அதற்குப் போதவில்லை, சின்னக் கட்டிலில் படுத்த பெரிய மனுஷன் மாதிரி நாலு பக்கமும் வழிந்துகொண்டு கிடக்கிறது என்று கண்டக்டர் சொன்னார். "நல்லா இருக்கட்டும்" என்றோம். சீசன் வேலையில் அதற்கு மேல் விசாரிக்க நேரமில்லை.

இதில் ஆள் மாறிப்போனவன் சூசைராஜ்தான். தள்ளுவதற்குப் படகு இல்லை, கத்துவதற்கு நம்பர் இல்லை என்று இரண்டு நாள் கொக்கிக் கம்பைப் பிடித்துக்கொண்டு முழித்தவனை யாகூப் பாய் கூப்பிட்டு, தலையில் ஒரு தொப்பியை வைத்து, ஏரித்தரை பாயிண்டுக்கு கைடாக நிறுத்தினார். முதல் நாள் திக்கினான். இரண்டாம் நாள் ஏரியின் ஆழத்தைச் சொன்னான். மூன்றாம் நாள் அந்த ஆழத்தைக் கூட்டிச் சொன்னான். அப்புறம் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி, அவள் நழுவவிட்ட மூக்குத்தி, அதை விழுங்கிய மீன் எல்லாம் வந்தன. வெள்ளைக்காரி எங்கே மூக்குத்தி போட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் பேசுவதை ஜனம் வாய் மூடிக் கேட்டது, முடிந்ததும் கை தட்டியது. அத்தனை வருஷம் "நேரமாச்சு" என்று கத்தி எல்லாருடைய முறைப்பையும் வாங்கியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! நிமிர்ந்து நடந்தான். ஏரி மெதுவாக வந்தால் போதும் என்றுகூட ஒருநாள் டீக்கடையில் சொன்னான்.

ஆரோக்கியத்துக்கு அப்படியில்லை. அவள் கீழே சமவெளியில் பிறந்தவள். பெண் கேட்டு வந்தபோது தரகர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளைக்கு ஏரியில் வேலை. வெயிலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்த பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? படகில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே கல்யாணக் கனவு கண்டுகொண்டு மலையேறினாள். வந்த வாரமே கேட்டாள், "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?" சூசை நல்லவன், முடியாது என்று சொல்லத் தெரியாதவன். "சீசன் முடியட்டும்" என்றான். சீசன் முடிந்து மழை வந்தது. மழை முடிந்து உறைபனி வந்தது. பனி முடிந்து படகுகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் காய்வதற்குள் சீசன் வந்தது. இதில் அவனை மட்டும் குறை சொல்ல முடியாது, எங்கள் ஊரில் எவரும் எந்தப் பாயிண்டையும் பார்த்ததில்லை. யாகூப் பாய் சீமாட்டி மலைக்கு முதுகைக் காட்டி நின்று விரலை நீட்டியே தலை நரைத்தவர். உள்ளூர்க்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றால், அவனுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்றுதான் நினைப்போம். ஆரோக்கியமும் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். குறைத்தாளே தவிர, விடவில்லை.

ஒருநாள் மத்தியானம் அன்னாசி தீர்ந்துபோனது. அவள் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, டூரிஸ்ட் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள். முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு அவள் புருஷன் பேசிக்கொண்டிருந்தான்.

"படகு கரைய விட்டுக் கிளம்பும்போது லேசா ஒரு ஆட்டம் ஆடும் பாருங்க, அப்ப பொம்பளையாளுங்க பக்கத்துல இருக்குற கையைப் பிடிச்சுக்கிருவாங்க. கொஞ்ச தூரம் போனா ரோட்டுச் சத்தம் கம்மியாகும். இன்னும் போனா ஹாரன் சத்தம் கேக்காது. நட்ட நடுவுல போயிட்டம்னு வைங்க, ஊருன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோகும். பக்கத்துல இருக்கறவங்க மூச்சு விடுறது மட்டுந்தான் கேக்கும்."

கூட்டம் கை தட்டியது. ஆரோக்கியம் கை தட்டவில்லை. வாழ்நாளெல்லாம் அவள் கேட்டுக் கிடைக்காத அந்த ஒரு ரவுண்டை, அவன் முகம் தெரியாத ஜனங்களுக்கு இவ்வளவு அழகாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நெஞ்சு எரிந்தது. மறுநாள் காலையில் ஒரு பையில் இரண்டு சேலையை மடித்து வைத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஏரியப் பாத்துட்டு வரேன்."

"சீசன் நேரத்துலயா?"

அவன் பதறியதில் நியாயம் இருக்கிறது. சீசனில் எங்கள் ஊரில் யாரும் மலையிறங்குவதில்லை. கல்யாணம் வைக்க மாட்டோம், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க மாட்டோம், காய்ச்சல் வந்தால்கூட மழைக்காலத்துக்குத் தள்ளிவைப்போம். வயசானவர்களும் எங்கள் கஷ்டம் தெரிந்து, கூட்டம் கலைகிறவரை உயிரைப் பிடித்து வைத்திருப்பார்கள்.

"எப்ப வருவ?" என்று கேட்டான் சூசை.

"அது எப்ப வருதோ அப்ப."

"அது வரலேன்னா?"

ஆரோக்கியம் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்றைக்குத்தான் அவளுடைய முக்காலியை முதல்முறையாக யாரும் உட்காராமல் பார்த்தோம்.

இரண்டு நாளில் திரும்பிவிடுவாள் என்று சூசை எல்லாரிடமும் சொன்னான். இரண்டு நாள் போனது, வரவில்லை. போன் பண்ணினான். "நல்லா இருக்கேன். இந்தா, பேசுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினாள். எருமைகள் தண்ணீரைக் கலக்குகிற சத்தமும், பிள்ளைகள் தொபுக்கென்று குதிக்கிற சத்தமும், யாரோ துணியைக் கல்லில் அடித்துத் துவைக்கிற சத்தமும் அவன் காதில் விழுந்தன. எங்கள் ஊர் ஏரியில் அந்தச் சத்தங்கள் எதையும் அவன் கேட்டதில்லை. காலை நனைத்தாலே அபராதம் போடுகிற ஏரி அது. போனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே கையில் வைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் கஞ்சி வைத்துக் குடித்தான், அதில் உப்பு இல்லை. ஒருத்தி இல்லாத வீடு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பயமாக இருந்தது.

மறுநாள் ஏரித்தரை பாயிண்டில் அவன் பேச்சு எடுபடவில்லை என்று சொல்ல முடியாது, ஜனம் வழக்கம்போல கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நட்ட நடுவில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும் என்கிற இடத்துக்கு அவன் வந்தபோது, கையில் மருதாணி அழியாத ஒரு புதுப்பெண் கேட்டாள்:

"அண்ணே, நீங்க அண்ணியக் கூட்டிக்கிட்டு அடிக்கடி போவீங்களோ?"

கிண்டலுக்குக் கேட்டவளில்லை. ஆசையாகக் கேட்டாள். சூசை வாயைத் திறந்தான், துரைசாணி வரவில்லை, மூக்குத்தி வரவில்லை, மீன் வரவில்லை. தொப்பியைக் கழற்றினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய், தொப்பியை யாகூப் பாயின் கையில் கொடுத்துவிட்டு, மலர்க் கண்காட்சியின் கடைசி நாளன்று, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கீழே போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். ஏறுகிற பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிய, இறங்குகிற பஸ்ஸில் அவன் ஒருவன்தான் இருந்தான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னால், "யாரும் தவறிட்டாங்களாண்ணே?" என்று கேட்டார்.

கருவேலம்பட்டியில் அடித்த வெயிலில் அவனுக்கு முதலில் கண்ணே தெரியவில்லை. அப்புறம் கரையேறிப் பார்த்தான். எங்கள் ஏரி அங்கே கால் நீட்டிக் கிடந்தது. அதே தண்ணீர்தான், நிறம் மட்டும் வெயிலில் விளையாடிக் கறுத்த பிள்ளைமாதிரி இருந்தது. எருமைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்து முங்கிக் கிடந்தன. பிள்ளைகள் கருவேல மரத்திலிருந்து குதித்தார்கள். ஒருவர்கூட அதைப் போட்டோ எடுக்கவில்லை, கம்பி கட்டவில்லை, அழகாயிருக்கிறது என்று சொல்லவில்லை. குளித்தார்கள், குடித்தார்கள், மாட்டைக் கழுவினார்கள். அவர்களுக்கு நடுவில், கரையோரத்து முழங்காலளவுத் தண்ணீரில், சேலையைச் சொருகிக்கொண்டு ஆரோக்கியம் நின்றிருந்தாள். முகம் வெயிலில் கன்றியிருந்தது. அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்கு மனசு கனத்துப்போனது.

"இந்தாத்தா, உங்க வீட்டுக்காரரா?" என்று பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் கேட்டாள். அந்த ஊரில் ஆரோக்கியத்தைத் தங்க வைத்துக்கொண்டவள் அவள்தான். "கூட்டிட்டுப் போக வந்திருக்காரோ? ஏத்தா, நீ போறதுன்னா போ. ஆனா உங்க ஏரிகிட்டச் சொல்லிவை, அது போகும்போது எங்க கம்மா கொள்ளுற அளவுக்காவது விட்டுட்டுத்தான் போகணும். வந்து உக்காந்து திங்கிற விருந்தாளி வெறுங்கையோட எந்திரிச்சுப் போகக் கூடாது."

சூசை ஆரோக்கியத்தைப் பார்த்தான்.

"வா, ஒரு ரவுண்டு போலாம்" என்றான்.

"படகு?"

படகு இல்லை. கருவேலம்பட்டியில் இருந்தது ஒரு லாரி டியூப். மீன் பிடிக்கிற ஒருவர் வைத்திருந்தார், அதன் மேல் ஒரு பலகையைக் கட்டிக் கொடுத்தார். ஆரோக்கியம் அதில் ஏறி உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்த ஊருக்கு ஒரு விஷயம் தெரிந்தது: மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. மஞ்சுக்கானலில் படகுத்துறைக்காரர்கள் யாருக்குமே தெரியாது. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் யார் இறங்கிக் கற்றுக்கொள்வது? கரை முழுக்கச் சிரித்தது. வேலைக்குப் போனவர்கள் போட்டதைப் போட்டபடி வந்து கரையில் உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாள் தன் எருமையை இழுத்து வந்து, அதன் கழுத்துக் கயிற்றை டியூபில் கட்டினாள். சூசை டியூபின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். எருமை நிதானமாக நடந்தது, அப்புறம் நீந்தியது. அவன் காலுக்குக் கீழே தரை போனது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கலந்து சொன்னான்.

"கண்ணத் தொறங்க" என்றாள் ஆரோக்கியம். "நடுவுல வந்துட்டோம்."

திறந்தான். சுற்றிலும் தண்ணீர். பயத்தில் அவன் தாடை அடித்துக்கொண்டது.

"நீங்க சொன்னது பொய்யி" என்றாள். "எல்லாச் சத்தமுந்தான் கேக்குது. கரையில எவனோ விசிலடிக்கிறான், அங்கன ரேடியா பாடுது. நடுவுல வந்தா மூச்சு மட்டுந்தான் கேக்கும்னு அம்புட்டுப் பேருகிட்டச் சொன்னீங்களே?"

சூசை எருமையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

"எனக்கென்ன தெரியும் ஆரோக்கியம்? நான் நடுவுக்குப் போனதே இல்ல. எறங்கி வர்றவுங்க பேசிக்கிறதக் கேட்டுச் சொன்னேன். நானும் இப்பத்தான் மொத தடவ வாரேன்."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தது. பலகையைப் பிடித்திருந்த ஒரு கையை எடுத்து அவன் கையின் மேல் வைத்தாள். எருமை அதன் இஷ்டத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றிக் கரைக்குத் திரும்பியது. கரையில் உட்கார்ந்திருந்த ஊர் மொத்தமும் அன்றைக்கு ஒரு பாயிண்டைப் பார்த்த திருப்தியோடு எழுந்து வேலைக்குப் போனது.

கரையேறி, காலை நீட்டி உட்கார்ந்தபோது, பேச்சியம்மாளின் துவைகல்லில் அவன் கழற்றி வைத்துவிட்டுப் போன சட்டைப் பையில் போன் அடித்தது. யாகூப் பாய்.

"சூசை, சம்சாரத்தப் பாத்தியா? நல்லாருக்காளா? சரி, அவள மட்டும் கூட்டிட்டு வந்துரு. ஏரிய ஒண்ணும் கேக்காத. இங்க பாயிண்டு நல்லாப் போய்க்கிட்டு இருக்கு. அது பாட்டுக்கு மெதுவா வரட்டும், என்ன அவசரம்? சீசன் முடியட்டும்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளைச் சூசை எத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறான். இன்றைக்குத்தான் அது காதில் விழுகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. போனை அணைத்து ஓரமாக வைத்தான். எழுந்து, ஆரோக்கியத்தின் முன்னால் போய் நின்றான். ஆட்களைக் கூப்பிட்டே பழகியவனுக்கு, விசிலும் நம்பரும் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றான், மெதுவாக.

ஆரோக்கியம் ஈரச்சேலையின் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "என்னா சொன்னீங்க? சரியாக் கேக்கல" என்றாள். அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

"சீசனெல்லாம் கெடக்கட்டும். நீ வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் எழுந்தாள். தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டு, பேச்சியம்மாள் கேட்ட பங்கைக் கம்மாயிலேயே விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் ஏரியும் எழுந்தது.